நான் துடைத்துப் போட்ட முப்பத்தொன்பது பேர்

ஆய்வுக்கூடத்தில் என்னைத் துடைப்பம் என்றுதான் கூப்பிடுவார்கள், அதுவும் முகத்துக்கு நேராகவே. எனக்கு அதில் வருத்தமில்லை, உள்ளுக்குள் கொஞ்சம் கர்வம்கூட உண்டு. உளவியல் துறையின் மூன்றாவது மாடியில், ஜன்னல் சரியாகச் சாத்தாத ஓர் அறையில் உட்கார்ந்துகொண்டு, மற்றவர்கள் சேகரித்து வரும் பதில்களைச் சுத்தம் செய்வதுதான் என் வேலை. பிறந்த வருடத்துக்கான கட்டத்தில் வீட்டு எண்ணை எழுதுகிறவர்கள், ஆம், இல்லை இரண்டையும் டிக் அடிக்கிறவர்கள், உயரம் கேட்டால் 'பரவாயில்லை' என்று எழுதுகிறவர்கள் என்று எத்தனையோ ரகம். அத்தனையையும் சலித்துப் பேராசிரியர் கையில் பளிச்சென்று ஓர் அட்டவணையாகக் கொடுப்பேன். ஐந்து வருடமாக அதில் யாரும் ஒரு குறை கண்டுபிடித்ததில்லை.

அதனால் அந்தப் புதன்கிழமை காலை ரேடியோ வந்து என் மேஜைமேல் எங்கள் ஆய்வு அறிக்கையைத் தொப்பென்று போட்டபோது எனக்குச் சுர்ரென்று ஏறியது. ரேடியோ என்பவள் எங்கள் பேட்டியாளர். ஆஸ்பத்திரிக்குப் போய் நோயாளிகளுடன் பேசி ஃபார்ம் நிரப்பி வருகிறவள். எங்களிடம் வாயை மூடவே மாட்டாள், அதனால் அந்தப் பெயர். நோயாளி எதிரில் உட்கார்ந்தால் மட்டும் முழுக்கக் காதாக மாறிவிடுவாள்.

"என்னடி இது, திருநர் மூணு பேர்னு போட்டிருக்கே?"

"மூணு பேர்தான் இருந்தாங்க, போட்டேன்."

"நான் ஒருத்தியே முப்பது பேருக்கு மேல உட்கார வச்சுப் பேசியிருக்கேன். ஒவ்வொருத்தரும் ரெண்டு மணி நேரம். அவங்கெல்லாம் எங்க போனாங்க? நீ முழுங்கிட்டியா?"

"உனக்கு எண்ணத் தெரியாது."

"எண்ணத் தெரியாதுதான். ஆனா முகம் மறக்காது."

சொல்லிவிட்டு என் டீயை எடுத்துக் குடித்துக்கொண்டே போய்விட்டாள்.

ஆய்வு உணவுக் கோளாறு பற்றியது. சாப்பாட்டோடு சண்டை போட்டு உடம்பையும் மனசையும் கெடுத்துக்கொண்டவர்கள் ஆயிரத்துச் சொச்சம் பேர். சேரும்போது ஒரு ஃபார்ம், இரண்டு வருடம் கழித்து இன்னொரு ஃபார்ம். யாருக்கும் பெயர் கிடையாது, எண் மட்டும்தான். வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு ஆஸ்பத்திரியில் கூட்டம். திருநங்கைகள், திருநம்பிகள் இவர்களில் உணவுக் கோளாறு உள்ளவர்களுக்கென்று செவ்வாய்தோறும் தனிப் பிரிவு ஒன்று திறப்பதா வேண்டாமா என்று அதில் முடிவு செய்யப் போகிறார்கள். கண்காணிப்பாளர் எங்கள் அறிக்கையைப் படித்துவிட்டு, "மூணு பேருக்கு ஒரு பிரிவா?" என்று ஏற்கெனவே கேட்டுவிட்டார். அறிக்கை இப்படியே போனால் செவ்வாய்ப் பிரிவு திறக்காமலே மூடப்பட்டுவிடும்.

எனக்கு இதில் சொந்த அக்கறையும் உண்டு. என் தம்பி ஒரு காலத்தில் அந்த ஆஸ்பத்திரியின் உணவுக் கோளாறு வார்டில் நோயாளியாக இருந்தவன். அப்போது அவன் என் தங்கை. இந்த ஆய்வில் அவனைச் சேரச் சொல்லி நச்சரித்ததே நான்தான். பிறகு ஒரு நாள், தான் தங்கை இல்லை, தம்பி என்று சொன்னான். சின்ன வயதில் தம்பிதான் வேண்டும் என்று தரையில் உருண்டு அடம்பிடித்தவள் நான். ஒரே வாரத்தில் பழகிவிட்டேன். அம்மா சாமர்த்தியசாலி, எதற்கு வம்பு என்று 'கண்ணு' என்றே கூப்பிட்டுக் காலத்தை ஓட்டுகிறாள். இப்போது நானும் அவனும் ஒரே வீட்டில் இருக்கிறோம். மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறான், வேளைக்குச் சாப்பிடுகிறான், முழுக்கக் குணமாகிவிட்டான் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

ரேடியோவின் மூக்கை உடைக்க வேண்டும் என்ற ஒரே எண்ணத்தோடு என் பழைய புரோகிராமைத் திறந்தேன். வரி வரியாகப் படித்துக்கொண்டே வந்தேன். இருநூற்றுப் பன்னிரண்டாவது வரியில் என் கை நின்றுவிட்டது. முதல் ஃபார்மிலும் இரண்டாவது ஃபார்மிலும் பாலினம் வேறு வேறாக இருந்தால் முழு வரிசையையும் நீக்கு என்று அதில் இருந்தது. பக்கத்தில் நானே குறிப்பு எழுதி வைத்திருந்தேன்: 'ஒரே ஆள் இல்லை. தப்பு.'

அந்த விதியை எழுதியதற்குக் காரணம் இருந்தது. முதல் வருடம் எண் அட்டைகள் கலந்துபோய், ஒருவருடைய ஃபார்ம் இன்னொருவர் கணக்கில் ஏறிவிட்டது. அறுபது வயதுக்காரர் ஒருவர் இரண்டே வருடத்தில் பதினெட்டு வயதுப் பெண்ணாகிவிட்ட கூத்தெல்லாம் நடந்தது. அதைப் பிடிக்கத்தான் அந்த வலையை விரித்தேன். இரண்டு வருடத்தில் ஒரு மனிதர் அந்தக் கட்டத்தில் வேறு பதில் எழுதக்கூடும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. திருநரையும் எண்ணுகிற ஆய்வில், தம்பியை வீட்டிலேயே வைத்துக்கொண்டு, எனக்குத் தோன்றவில்லை! என் தலையில் நானே ஒரு குட்டு வைத்துக்கொண்டேன், அது நன்றாகவே வலித்தது.

அந்த வரியை அணைத்துவிட்டு மறுபடி ஓட்டினேன். அந்த வரி நீக்கிப் போட்டிருந்த நாற்பத்து நான்கு பேர் திரையில் வந்து நின்றார்கள்.

மாடிப்படியில் இரண்டு இரண்டு படியாகத் தாவிப் பேராசிரியர் அறைக்கு ஓடினேன். பேராசிரியர் சந்தோஷத்தைக் கண்டால் சந்தேகப்படுகிற பெண்மணி. யாராவது சிரித்துக்கொண்டே உள்ளே வந்தால் முதலில் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அன்றைக்கும் துடைத்தார்.

"மேடம், நாற்பத்து நாலு பேரை நான் தூக்கி எறிஞ்சிருக்கேன் மேடம்!"

"இதைச் சொல்லவா இப்படிப் பல்லைக் காட்டிக்கிட்டு வந்தே?"

நான் விளக்கினேன். கேட்டு முடித்ததும், "ஆட்டம் போடாதே. இதுல எத்தனை நிஜத் தப்பு, எத்தனை நிஜ ஆளு? காகிதத்தை எடுத்துப் பாரு" என்றார். ஆனால் கண்ணாடியைத் திரும்பப் போட மறந்து, அதைக் கையில் பிடித்தபடியே எனக்கு முன்னால் கீழ்த்தளத்துக்கு இறங்கிக்கொண்டிருந்தார்.

வியாழன் முழுவதும் நாங்கள் மூன்று பேரும் கீழ்த்தளத்தில் கிடந்தோம். பழைய ஃபார்ம்கள் அட்டைப்பெட்டிகளில் கூரைவரை அடுக்கியிருந்தன. ரேடியோ எண்ணைப் படிப்பாள், நான் இழுப்பேன், பேராசிரியர் இரண்டு ஃபார்மையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கையெழுத்து, பிறந்த தேதி, மச்சம், தழும்பு என்று எல்லாவற்றையும் ஒப்பிடுவார். ஐந்து நிஜமான தப்பு. மிச்சம் முப்பத்தொன்பதும் அசல். ஒவ்வொன்றும் அசல் என்று தெரியும்போதெல்லாம் ரேடியோ அட்டைப்பெட்டிமேல் தாளம் போட்டாள். மத்தியானத்துக்குமேல் பேராசிரியரே "அடுத்தது, அடுத்தது" என்று அவசரப்படுத்த ஆரம்பித்துவிட்டார்.

ஆனால் எங்களை உலுக்கியது எண்ணிக்கை இல்லை. எங்கள் கேள்வித்தாளில் ஒன்பது கேள்விகள் ஒரே விஷயத்தைத்தான் சுற்றிச் சுற்றிக் கேட்கின்றன: குண்டாகிவிடுவோம் என்று பயமா, ஒல்லியாக ஆசையா. இந்த முப்பத்தொன்பது பேரில் முப்பத்தொரு பேர் 'இல்லை, இல்லை' என்று அடித்துக்கொண்டே போயிருந்தார்கள். எங்கள் கணக்குப்படி அவர்களுக்கு நோயே இல்லை. ஆளோ வார்டில் கிடக்கிறார்! கடைசிப் பக்கத்தில் 'வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா' என்று ஒரு சின்னக் கட்டம் உண்டு. அதைக் கணினியில் ஏற்றுவதே இல்லை, எண்ணாக மாறாத எதற்கும் என் அட்டவணையில் இடம் கிடையாது. அந்தக் கட்டத்தில் எழுதியிருந்தார்கள். 'எடையைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. சாப்பிட்டால் இந்த உடம்பு எனக்குச் சம்பந்தமில்லாத ஒருத்தியாக வளர்கிறது.' 'என் தோள் இதற்குமேல் அகலமாகாமல் இருந்தால் போதும்.' ஒருவர் ஒரே வரிதான் எழுதியிருந்தார்: 'நீங்கள் கேட்காத கேள்விக்கு இங்கே பதில் எழுதலாமா?'

பேராசிரியர் அதை வாய்விட்டுப் படித்தார். ரேடியோ முதல்முறையாக வாயை மூடினாள்.

இரண்டாவது ஃபார்ம்கள் இன்னும் சுவாரஸ்யம். வீட்டில் தான் விரும்பிய பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்று எழுதியவர்களில் பாதிக்கு மேல் சாப்பாட்டுத் தொல்லை குறைந்திருந்தது. அப்படிக் கூப்பிடாத வீடுகளில் இருந்தவர்களுக்கு அநேகமாக அப்படியே இருந்தது.

"மேடம், பார்த்தீங்களா! பேர்தான் மருந்து!" என்று கத்தினேன்.

"கத்தாதே. அதுதான் காரணம்னு சொல்ல முப்பத்தொன்பது பேர் போதாது. ரெண்டும் சேர்ந்து வருதுன்னு சொல்லு. நாம தப்பான கேள்வியைக் கேட்டுக்கிட்டு இருந்தோம்னு சொல்லு. அதுவே பெரிய விஷயம்" என்றார்.

ஒரு விஷயம் மட்டும் எனக்கு உறுத்தியது. பார்க்கக் கூடாதுதான், ஆனாலும் ஒவ்வொரு ஃபார்மை இழுக்கும்போதும் என் கண் தம்பியின் கையெழுத்தைத் தேடியது. பாம்பு சுருண்ட மாதிரி அவன் போடும் 'ழ' எனக்கு எங்கே பார்த்தாலும் தெரியும். முப்பத்தொன்பதிலும் அது இல்லை.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழையும்போதே செருப்பைக்கூடக் கழற்றாமல் ஆரம்பித்துவிட்டேன். தம்பி கடையிலிருந்து வந்து, நகக்கண்ணில் ஒட்டிய வெள்ளைத் தூளைக் கழுவிக்கொண்டிருந்தான். விதி, கீழ்த்தளம், ஒன்பது கேள்வி, நாளைய கூட்டம் எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் கொட்டினேன். அவனும் முதலில் சிரித்துக்கொண்டுதான் கேட்டான்.

"ஆனா உன் ஃபார்ம் அதுல இல்லடா. எங்க போச்சுன்னு தெரியல."

அவன் குழாயை மூடினான். "இருக்காது, அக்கா. நான் உன் நல்ல பக்கத்துல இருப்பேன்."

"எப்படி?"

"ரெண்டாவது தடவையும் பெண்ணுன்னுதான் டிக் அடிச்சேன்."

எனக்குப் புரியவில்லை. அந்த ஃபார்மை அவன் நிரப்பியபோது நான் அவனைத் தம்பி என்று கூப்பிட ஆரம்பித்து ஒரு மாதம் ஆகியிருந்தது.

"அந்த வாரம் சாப்பிடும்போது சொன்னியே, ஞாபகம் இருக்கா? ஒரே பதிலை ரெண்டு தடவை ஒழுங்கா எழுதத் தெரியாதவங்களைக் கண்ணை மூடிக்கிட்டுத் தூக்கி எறிஞ்சிடுவேன்னு. நீ சிரிச்சுக்கிட்டுதான் சொன்னே. ஆனா அப்போ எனக்கு, யார் எப்போ எறிவாங்களோன்னு இருந்துச்சு. நீயும் எறிய வேண்டாமேன்னு பார்த்தேன்."

நான் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"மத்த கேள்விக்கெல்லாம்?"

"எல்லாம் சரியாப் போச்சுன்னு எழுதினேன். நீ எல்லார்கிட்டயும் என் தம்பி குணமாயிட்டான்னு சொல்லிக்கிட்டு இருந்தே. ரொம்ப சந்தோஷமா இருந்தே, அக்கா. அதைக் கெடுக்க மனசு வரல."

"இப்போ எப்படிடா இருக்கே?"

அவன் துண்டால் விரல் விரலாகத் துடைத்தான். "உன் எதிர்ல சாப்பிடறதோட சரி" என்றான்.

யார் யாரோ எழுதிய தப்பையெல்லாம் ஐந்து வருடமாகப் பூதக்கண்ணாடி வைத்துத் தேடியவளுக்கு, எதிரில் உட்கார்ந்து சாப்பிடுகிறவன் தெரியவில்லை. அழுதேன். அவன் பதறிப்போய் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். என் அழுகையையும் அவன்தான் சமாளிக்க வேண்டியிருக்கிறதே என்று நினைத்ததும் என்மேலேயே கோபம் வந்து அழுகை நின்றுவிட்டது.

"ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கலாமே?"

"போனேன், போன மாசம். பழைய ஃபைலை எடுத்தாங்க. ஹால்ல நாற்பது பேர் உட்கார்ந்திருக்காங்க, மைக்ல என் பழைய பேரைக் கூப்பிட்டாங்க. நான் எந்திரிச்சா எல்லாரும் பார்ப்பாங்க. எந்திரிக்காமலே இருந்துட்டு, அப்புறம் வந்துட்டேன்." துண்டைக் கொடியில் போட்டுவிட்டு அவனே சொன்னான். "அந்தச் செவ்வாய்ப் பிரிவு வந்தா போவேன். வேணும்னா நாளைக்கு இந்த வாசல் கதையைச் சொல்லு. ஃபார்ம்ல பொய் எழுதினதையும் சொல்லு. நான்னு மட்டும் சொல்லாதே."

வெள்ளிக்கிழமை கூட்டத்தில் கண்காணிப்பாளர் அறிக்கையைக் கடைசிப் பக்கத்திலிருந்து முன்னால் புரட்டினார். நல்ல மனிதர்தான். ஆனால் நாற்காலி, கதவு, கட்டில் என்று கையால் தொடக்கூடியவற்றில் மட்டுமே நம்பிக்கை உள்ளவர். பேராசிரியர் புது எண்ணிக்கையைச் சொன்னார்.

"போன வாரம் மூணு, இந்த வாரம் நாற்பத்திரண்டு. அடுத்த வாரம் நானூறா? உங்க டேட்டாவை எப்படி நம்பறது?"

"தப்பு என்னோடது, சார்" என்று எழுந்தேன். என் விதியைப் படித்துக் காட்டினேன். அதோடு உட்கார்ந்திருக்கலாம். பேராசிரியரும் உட்கார் என்று கண்ணைக் காட்டினார். முப்பத்தொன்பது பேரே செவ்வாய்ப் பிரிவை வாங்கித் தரப் போதும். ஆனால் என் வாய் நிற்கவில்லை.

"இன்னொண்ணும் இருக்கு, சார். நான் சுத்தம்னு வச்சிருக்கிற பக்கத்துலயும் பொய் இருக்கு. ஒருத்தர் குணமாகலைன்னாலும் குணமாயிட்டேன்னு எழுதியிருக்கார். ஆம்பளையா இருந்தும் பெண்ணுன்னு எழுதியிருக்கார். மாத்தி எழுதினா நாம தூக்கி எறிஞ்சிடுவோம்னு பயந்து. அந்த மாதிரி இன்னும் எத்தனை பேர்னு எனக்குத் தெரியாது."

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். கண்காணிப்பாளர் அறிக்கையை மூடினார். எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

"அவர் எங்க இருக்கார் இப்போ?"

"போன மாசம் இங்க வந்தார், சார். ஹால்ல மைக்ல பழைய பேரைக் கூப்பிட்டாங்க. திரும்பிப் போயிட்டார்."

"திரும்பிப் போயிட்டாரா? டாக்டரைப் பார்க்காமலேயா?"

"பார்க்காமலே."

அவர் முகம் சிவந்துவிட்டது. எங்கள் கேள்வித்தாள், கணக்கு, கடைசிப் பக்கக் கட்டம் எதுவும் அவரை அசைக்கவில்லை. தன் ஆஸ்பத்திரி வாசல்வரை வந்த நோயாளி டாக்டரைப் பார்க்காமல் திரும்பிப் போனார் என்பதை அவரால் ஜீரணிக்க முடியவில்லை. மேஜையைத் தட்டினார்.

"இருபத்தாறு வருஷமா இந்த வாசலைப் பார்த்துக்கிறேன். யாரையும் திருப்பி அனுப்பினது கிடையாது. மைக்கை எடுங்க. டோக்கன் நம்பர் போதும். அந்தக் கோடி ரூம் காலியாத்தானே இருக்கு? பக்கத்துக் கதவு வழியா வரட்டும். ஆறு மாசம் நடத்திப் பார்க்கலாம்."

எனக்கு அங்கேயே விசிலடிக்க வேண்டும்போல இருந்தது. வராந்தாவுக்கு வந்ததும் ரேடியோ என்னைக் கட்டிக்கொண்டு சுற்றினாள். பேராசிரியர், "கொஞ்சம்கூட மூளையே இல்லாம பேசினே" என்றார். பிறகு என் முதுகில் ஒன்று வைத்தார், அது தட்டா அடியா என்று இன்றுவரை தெரியாது. அன்றைக்கே நாங்கள் புதுக் கேள்வித்தாள் எழுத உட்கார்ந்தோம். சாப்பிட்டால் உங்கள் உடம்பில் என்ன மாறிவிடும் என்று நினைக்கிறீர்கள் என்பதுதான் முதல் கேள்வி.

ஏழு வாரம் கழித்து முதல் செவ்வாய்க்கிழமை வந்தது. என் குடும்பத்தில் ஒருவர் அங்கே வரக்கூடும், அதனால் அன்றைய ஃபார்ம்கள் எதையும் நான் தொட மாட்டேன் என்று பேராசிரியரிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன். தம்பி மத்தியானம் விடுப்பு போட்டுவிட்டுப் போனான். நானும் வருகிறேன் என்றதற்கு ஒரு பார்வை பார்த்தான், வாயை மூடிக்கொண்டேன். மூன்று மணியிலிருந்து ஒரு வேலையும் ஓடவில்லை. பக்கத்துக் கதவு திறந்திருக்குமா, யாராவது வாய் தவறிப் பழைய பேரைச் சொல்லித் தொலைப்பார்களா என்று தவித்துக்கொண்டிருந்தேன். ஐந்தரைக்குத்தான் போன் அடித்தது.

"முடிஞ்சுதாடா? உள்ள போனியா?"

"போனேன். ரெண்டே கால் மணி நேரம். அந்த அக்கா ஒரு தடவைகூட குறுக்கே பேசல."

அந்த அக்கா என்று அவன் சொன்னது ரேடியோவை. தெரிந்த விஷயம்தான், ஆனாலும் நம்பவே முடியவில்லை.

"எல்லாத்தையும் எழுதினியா?"

"எழுதினேன். உன்னைப் பத்தியும் எழுதினேன். ஒரு பக்கம் முழுக்க."

"என்னடா எழுதினே?"

"உனக்குப் பிடிக்காது. அதை நீ படிக்கவும் கூடாது."

"சரி, படிக்கல. எப்படிடா இருக்கே?"

பின்னால் வண்டிகள் போகிற சத்தம் கேட்டது. சாலையோரமாக நின்று பேசுகிறான் போலிருக்கிறது. பரீட்சையில் பாஸாகிவிட்டேன் என்று சொல்கிற குரலில் சொன்னான்.

"ரொம்ப மோசமா இருக்கேன், அக்கா."

நான் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டேன். வராந்தாவில் போய்க்கொண்டிருந்த பேராசிரியர் என்ன சத்தம் அங்கே என்று கேட்டார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்ததில் பதில் சொல்ல முடியவில்லை.

"அப்படியா? வா, வா. நானும் கிளம்பி வரேன். எவ்வளவு மோசம்னு வழியெல்லாம் சொல்லிக்கிட்டே வா" என்றேன்.

அவன் சொல்லிக்கொண்டே வந்தான்.